படகு போன வழி

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் வகுப்பிலே பூகோள பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். உள்நாட்டு நீர்வழிகள் என்பது அன்றையப் பாடம். "நம் சென்னை நகரின் நடுவிலேயே ஒரு நீர்வழி இருக்கிறது. அது எது, யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டோம். வகுப்பு மௌனம் சாதித்தது. கடைசியில் நாமே "பக்கிங்ஹாம் கால்வாய்" என்று விடையையும் சொல்லி முடித்தோம். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அது சாக்கடை அல்லவா?" என்றான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு மனம் சற்றுக் கனத்தது. அந்தப் பையன் மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவன். தினந்தோறும் பறக்கும் ரயிலின் ஜன்னல் வழியே அந்தக் கால்வாயைப் பார்க்கிறவன். கறுத்த நீரும், அதில் மிதக்கும் குப்பையும், மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் நாற்றமுமே அவன் அறிந்த பக்கிங்ஹாம் கால்வாய். கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்ன பையனைக் கண்டிக்க எந்த உபாத்தியாயருக்கும் உரிமை கிடையாது. அவன் சொன்னது பாதி உண்மை என்றும், மீதிப் பாதியைக் கோவளத்தில் காட்டுவதாகவும் அவனுக்கு வாக்களித்தோம்.

அந்த வாக்கைக் காப்பாற்றத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வாய்த்தது. அவனையும், அவனோடு சிரித்த வேறு மூன்று பையன்களையும் அழைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டோம்.

கோவளம் என்றதும் கேரளத்துக் கோவளத்தை நினைத்துக்கொள்ளும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இது நம்முடைய கோவளம். சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், மாமல்லபுரம் போகும் வழியில், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடற்கரை ஊர். ஒரு காலத்தில் இங்கே கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த அந்தக் கோட்டையை 1752-ஆம் வருஷத்தில் கிளைவ் பிடித்தான். இன்று கோட்டை இல்லை. மாதா கோவிலும், தர்க்காவும், மீனவர் குப்பமும், அலைச்சறுக்கு விளையாட வரும் வாலிபர்களும் இருக்கிறார்கள். ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேளம்பாக்கம் போகும் சாலையில் மேற்கே நடந்தோம். அந்தத் திசையில்தான் நாம் தேடி வந்த பொருள் இருந்தது.

ரயில் ஓடாத கரை

மேல்நாடுகளில் ரயில் ஓட்டம் நின்றுபோன பாதைகளை ஜனங்கள் நடந்து செல்லும் வழியாக மாற்றிக்கொள்கிறார்கள். பாரிஸ் நகரத்தில் பழைய ரயில் பாலம் ஒன்றின்மேல் 1993-ல் பூங்கா போட்டார்கள். நியூயார்க்கில் தெருவுக்கு மேலே தூண்களில் ஓடிய சரக்கு ரயில் பாதையை 2009-ல் நடைபாதையாகத் திறந்தார்கள். யந்திரம் போன இடத்தில் புல்லும் பூவும் பட்சிகளும் தாமே வந்து குடியேறிவிட்டன என்று அங்கே போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறோம். நம் நாட்டிலும் அப்படிப்பட்ட பாதை இல்லாமல் இல்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதை அழிந்தது. பிரயாணிகள் நிறைந்த ரயில் ஒன்றும் அதோடு போயிற்று. அந்தப் பாதையின் எச்சங்களை மணல் மேட்டில் இன்றும் காணலாம்.

ஆனால் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும் இந்தக் கரையோரத்தில் ரயில் ஓடியதே கிடையாது. ரயில் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் இங்கே கால்வாய்தான் செய்தது. உப்பும், விறகும், நெல்லும், சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சலும் படகில் ஏறிச் சென்னைக்குப் போயின. மாமல்லபுரத்துக் கற்கோவில்களைப் பார்க்கப் புறப்பட்டவர்களும் நகரத்தில் படகு ஏறி இரவெல்லாம் பிரயாணம் செய்து விடியற்காலையில் போய் இறங்கினார்கள். பாரதிதாசன் தம் நண்பர்களோடு அவ்விதம் போன படகுப் பிரயாணத்தைப் பற்றி "மாவலிபுரச் செலவு" என்று ஒரு பாட்டே எழுதியிருக்கிறார்.

இந்தக் கால்வாய்க்கும் ரயிலுக்கும் உள்ள உறவு வினோதமானது. கோவளத்துக்குத் தெற்கே சாலையோரம் இன்னும் அங்கங்கே தென்படும் சவுக்குத் தோப்புகளைப் பாருங்கள். சவுக்கு நம் நாட்டு மரமல்ல. ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று 1860-களிலிருந்து சென்னை ராஜதானியின் கடற்கரைகளில் சர்க்கார் மும்முரமாகப் பயிரிடுவித்த மரம் அது. பின்னால் எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறிவிட்டன. சவுக்கு விறகோ பட்டணத்து அடுப்புகளுக்காகக் கால்வாய்ப் படகில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ரயிலும் லாரியும் கால்வாயின் வியாபாரத்தை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டன. 1965, 1966 வருஷங்களின் புயல்கள் கரைகளை உடைத்து மணலைத் தள்ளின. 1976-ல் அடித்த புயல் மிச்சத்தையும் கெடுத்தது. அதன் பிறகு படகுப் போக்குவரத்துத் தலையெடுக்கவில்லை.

கடைசியில் நடந்ததுதான் பெரிய வேடிக்கை. சென்னை நகரத்துக்குள் பறக்கும் ரயில் போட இடம் தேடியபோது, கால்வாயின் வழியே அதிகாரிகளின் கண்ணில் பட்டது. தூண்களைக் கால்வாயிலேயே நட்டார்கள். 1997-ல் ரயில் திருமயிலை வரை வந்துவிட்டது. உலகத்தில் மற்ற இடங்களில் ரயில் போன வழியில் மனிதர்கள் நடக்கிறார்கள். நம் ஊரிலோ படகு போன வழியில் ரயில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

பஞ்சம் வெட்டிய வாய்க்கால்

சாலையோரத்துக் கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பையன்களுக்குக் கால்வாயின் பூர்வ கதையைச் சொன்னோம். 1806-ல் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி பணம் போட்டுச் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டியது இதன் ஆரம்பம். 1837-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீண்டது. கடலோரமாக இயற்கையாய் அமைந்திருந்த கழிகளை ஒன்றோடொன்று வெட்டி இணைத்ததுதான் இதில் செய்த யுக்தி. முடிவில் ஆந்திர தேசத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நீர்வழியாயிற்று.

அந்த வழியில் நடுவிலே மட்டும் ஒரு துண்டு நெடுநாள் விட்டுப்போயிருந்தது. சென்னைப் பட்டணத்துக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சுமார் 8 கிலோமீட்டர் தூரம் அது. 1876-ல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரையில் தென்னாட்டை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் மாண்டவர் பல லட்சம். கிராமங்களைவிட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்துக்கு நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாகக் கொடுக்கப்பட்டதுதான் விட்டுப்போன அந்தத் துண்டை வெட்டும் வேலை.

அந்த நாளைய நிவாரணக் கூலி என்னவென்று சொல்ல வேண்டும். 1877-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற பெரிய உத்தியோகஸ்தர் கல்கத்தாவிலிருந்து வந்து சிக்கனம் போதித்தார். வளர்ந்த ஆண் ஒருவன் நாள் முழுவதும் உழைத்தால் ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்பது அவருடைய தீர்ப்பு. இதைத் தின்றுவிட்டு மண் வெட்ட மனித தேகத்தால் ஆகாது என்று ராஜதானியின் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் ஆட்சேபித்தார். அவரும் வெள்ளைக்காரர்தாம். நியாயத்தைச் சொன்னவரை எந்த ஜாதியானாலும் மறக்கக் கூடாது. அதே 1877 ஜனவரி முதல் தேதியன்று டில்லியில் விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்யப் பெரிய தர்பார் நடந்தது. அங்கே விருந்து நடக்க, இங்கே எலும்பும் தோலுமான மனிதர்கள் கூடையில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். 1878-ல் கால்வாய்க்குப் பெயர் வைத்தார்கள். அப்போது சென்னைக் கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் கிடைத்தது.

"கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் என்றால் எங்கள் வீட்டுப் பக்கந்தானே சார்?" என்று கேட்டான் நம் பையன். ஆமாம் என்றோம். அவன் கையிலிருந்த இட்லி சற்று நேரம் கையிலேயே இருந்தது.

கரையிலே கண்டவை

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில் சாலை ஒரு பெரிய நீர்ப்பரப்பைக் கடக்கிறது. இதுதான் முட்டுக்காட்டுக் கழியின் தெற்குப் பகுதி. மேற்கே உப்பளங்கள். நடுவிலே கால்வாயின் தடம். சாலையைவிட்டு இறங்கித் தெற்கு நோக்கிக் கரைமேல் நடக்கத் தொடங்கினோம். சில இடங்களில் கரை மனிதன் போட்ட கரையாகவே நேராகத் தெரிகிறது. சில இடங்களில் கரைந்து கழியோடு கழியாகிவிட்டது. இன்னும் சில இடங்களில் சீமைக் கருவேலம் வழியை மறித்துக்கொண்டு நின்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. நல்ல செருப்பும், ஒரு தடியும், குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் யாரும் இந்த நடைக்குப் புறப்பட வேண்டாம்.

முதலில் நம்மைக் கண்டுகொண்டது ஆள்காட்டிக் குருவி. பெயருக்கேற்பக் கத்திக் கூச்சலிட்டு, நாம் வருவதைக் கழி முழுவதற்கும் அறிவித்துவிட்டது. கம்பத்தின்மேல் இருந்த கருப்பு வெள்ளை மீன்கொத்தி பறந்து சென்று நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. பின்பு கல் விழுவதுபோல் விழுந்து, அலகில் மீனோடு எழுந்தது. பையன்கள் கைதட்டினார்கள். தட்ட வேண்டாம் என்று கையமர்த்தினோம்.

சேற்று விளிம்பில் நெடுங்கால் உள்ளான்கள், இளஞ்சிவப்புக் குச்சிகளை மாட்டிக்கொண்டு நடப்பவைபோல் நடந்துகொண்டிருந்தன. அவற்றின் காலடியில் சிறு எலிக்குஞ்சுகள்போல் ஓடிக்கொண்டிருந்தவை கொசு உள்ளான்கள். கைக்குள் அடங்கும் இந்தப் பட்சியின் எடை முப்பது கிராமுக்கு உட்பட்டது. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் ஒரு சிறு கிண்ணம் மிளகின் எடை. இது குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து இங்கே வருகிறது. வருவது எதற்காக? கழியின் சேற்றிலே உள்ள புழுக்களுக்காக. அது ஓடி ஓடிக் கொத்துவதைப் பார்த்தால், திரும்பிப் போகும் செலவுக்கு இப்போதே சேர்த்து வைப்பதுபோல் இருந்தது.

வெயில் ஏறியபோது, தூரத்தில் நீரின்மேல் ஓர் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. "அது என்ன சார், யாராவது துணி காயப்போட்டிருக்கிறார்களா?" என்றான் ஒருவன். பூநாரைகள்! சுமார் நூறு இருக்கலாம். தலைகீழாக அலகை நீருக்குள் விட்டு, சேற்று நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய பிராணிகளையும் பாசியையும் உண்பது இவற்றின் வழக்கம். அந்த ஆகாரத்திலுள்ள சாயமே சிறகில் ஏறிச் சிவப்பாகிறது. நீர் முழங்காலளவு இருந்தால் இவை நிற்கும். ஆளுயரம் நிறைந்துவிட்டால் போய்விடும். இந்த விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், செம்பருந்து என்று எண்ணிக்கொண்டே போய், இருபத்தொன்றோடு நம் பட்டியல் நின்றது. பறவை சாஸ்திரம் அறிந்தவர்களாயிருந்தால் நாற்பது எண்ணியிருப்பார்கள். தரையிலும் காட்சிக்குக் குறைவில்லை. கரைச் சரிவில் உமரிப் பூண்டு செக்கச்செவேலென்று படர்ந்திருந்தது. ஈரச் சேற்றில் ஒரு கை பெருத்தும் மறு கை சிறுத்தும் இருக்கும் சிறு நண்டுகள், பெரிய கையை ஆட்டி ஆட்டி ஒன்றையொன்று சண்டைக்கு அழைத்தன. நிழல் விழுந்ததும் அத்தனையும் வளைக்குள் மறைந்தன.

இடுப்பளவு நீரில் மூன்று இருளர் குலப் பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பறியைப் பல்லால் கடித்துக் கழுத்தடியில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி எடுத்துப் பறியில் போட்டார்கள். "ஆயா, வலையில்லாமல் எப்படிப் பிடிக்கிறீர்கள்?" என்று நம் பையன்களில் ஒருவன் கேட்டான். மூத்தவள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கைதான் கண்ணு வலை" என்றாள். மறுபடி பறியைக் கடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை.

கயிறு இழுத்தவர்கள்

கரையோரத்தில் படகு ஒன்றில் உட்கார்ந்து வீச்சு வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மைக் கூப்பிட்டு விசாரித்தார். வயது எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். பையன்களோடு கால்வாயைப் பார்க்க வந்தோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாக்கறதுக்கு இப்ப இன்னா சார் இருக்குது? நான் இந்தப் பசங்க வயசா இருக்கறப்போ பாக்கணும். வரிசையா தோணி வரும். விறகு ஏத்திக்கினு பட்டணம் போவும். காத்து இருந்தா பாய் விரிப்பாங்க. இல்லேன்னா ரெண்டு ஆளு கரைமேல ஏறி, கயித்தைத் தோள்ல போட்டு இழுத்துக்கினே நடப்பாங்க. எங்கப்பாவும் இழுத்திருக்காரு. நீங்க நடந்து வந்தீங்களே, அந்தக் கரை அவங்க கால் பட்டுப் பட்டுக் கெட்டியான கரை சார்."

பையன்கள் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நாமும் பார்த்தோம். காலையிலிருந்து பட்சிகளைப் பார்க்க வந்த வழி என்று நினைத்து நடந்துகொண்டிருந்தோம். அது மனிதர் மாடாக உழைத்த வழி.

இப்போது பிழைப்பு எப்படி என்று கேட்டோம். பெரியவர் வடக்கே கையைக் காட்டினார். "எல்லாம் முகத்துவாரம் பண்ற வேலை சார். அது தொறந்திருந்தாத்தான் எங்க வூட்டு அடுப்பு எரியும்" என்றார்.

அதன் சூட்சுமம் இது. கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் அருகே இந்தக் கழி கடலோடு கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் பெருகி முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு ஓடும். அப்போது கடல் நீர் ஏற்றத்தின்போது உள்ளே வரும், இறக்கத்தின்போது வெளியே போகும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஏற்ற நீரோடு கழிக்குள் புகுந்து, இங்கே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா முதலிய மீன்களும் கழியைத் தேடி வரும். கோடையில் அலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். கழி மூச்சுத் திணறும். உப்பும் நன்னீரும் கலந்து, ஏறி இறங்கி, சேற்றை மூடித் திறக்கிற இந்த மூச்சில்தான் இறாலும், இறால் பிடிக்கும் கையும், கொசு உள்ளானும் பிழைத்திருக்கின்றன.

வேலை நிற்கவில்லை

கைவிடப்பட்ட கால்வாய் என்று நாம் சொல்கிறோம். மனிதன் கைவிட்டான் என்பது மெய். ஆனால் கால்வாய் தன் வேலையைக் கைவிட்டதா?

2015 டிசம்பரில் சென்னையின் தெற்குப் புறநகர்கள் மூழ்கிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுகிறது. கால்வாய் அதைத் தெற்கே சுமந்து வந்து முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலுக்குக் கொடுக்கிறது. படகு ஓடாத கால்வாய்தான். ஆயினும் லட்சக்கணக்கான ஜனங்களின் வீட்டு வாசலிலிருந்து வெள்ளத்தை வெளியேற்றும் வழி அதுவே. கரையை ஆக்கிரமித்துக் கட்டடம் எழுப்புகிறவரும், குப்பை கொட்டுகிறவரும், கழிவு நீர்க் குழாயைத் திருப்பிவிடுகிறவரும் ஏதோ வெறும் புறம்போக்கில் கை வைப்பதாக நினைக்கிறார்கள். தங்கள் வீட்டு வடிகாலைத் தாங்களே அடைக்கிறார்கள் என்பதை ஐப்பசி வந்ததும் தெரிந்துகொள்கிறார்கள்.

சர்க்காரும் இந்த வழியை அடியோடு மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 2008-ல் இது தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் நாம் நடந்த அன்று ஒரு சரக்குப் படகும் கண்ணில் படவில்லை. 2025 மார்ச்சில், கோவளத்துக்கருகே 350 கோடி ரூபாய்ச் செலவில் 1.6 டி.எம்.சி. கொள்ளும் நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று மாநில வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வீணே கடலில் கலக்கும் மழைநீரைத் தேக்கிச் சென்னையின் தாகத்தைத் தீர்ப்பது நோக்கம். தண்ணீருக்காகக் குடத்தோடு லாரியின் பின்னால் ஓடிய 2019-ஆம் வருஷத்துக் கோடையை நாமும் அனுபவித்திருக்கிறோம். ஆகவே அந்த நோக்கத்தைப் பரிகசிக்க நமக்கு மனம் வராது.

என்றாலும் "வீணே" என்ற அந்தச் சொல்லை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடலுக்குப் போகும் நீர்தான் முகத்துவாரத்தைத் திறக்கிறது. திறந்த முகத்துவாரம்தான் இறாலை உள்ளே அழைக்கிறது. முழங்காலளவு உவர்நீரில்தான் பூநாரை நிற்கிறது. ஆழமான நன்னீர்த் தேக்கத்தில் நிற்காது. பறியைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த ஆயாவுக்கு அந்தத் தேக்கத்தின் ஆழத்தில் என்ன வேலை? பட்டணத்துக் குடத்தை நிரப்புவதற்கு முன்பு, கழியோரத்து அடுப்பு எரியுமா என்றும் கேட்கத்தான் வேண்டும். திட்டம் வகுப்பவர் இந்தக் கரையில் ஒரு நாள் காலையில் நடந்து பார்த்தால் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தானே தோன்றும்.

நமக்குக் கால்வாய் வெட்டியவர்களின் நாட்டிலும் கால்வாய்கள் கைவிடப்பட்டுப் பாழாய்ப் போயின. அங்கே ரோல்ட் என்பவர் பழைய கால்வாய்களில் படகிலேயே குடியிருந்து செய்த பிரயாணத்தைப் பற்றி 1944-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் சிலர் சேர்ந்து 1946-ல் நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கம் கண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரண ஜனங்கள் மண்வெட்டியோடு போய்ச் சேறு வாரினார்கள். இன்று அந்தக் கரைகளில் குடும்பத்தோடு உலாவுகிறார்கள். அவர்கள் தங்கள் கால்வாய்க்குச் செய்ததை நாம் நம் கால்வாய்க்குச் செய்யக் கூடாதா? இது பெயரில்தான் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது. வெட்டிய கை நம்முடைய கை.

முதல் காரியமாக, நடந்து பார்ப்போம். மார்கழியிலிருந்து மாசி வரையில் எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கோவளத்தில் இறங்கிக் குழந்தைகளோடு ஒரு மணி நேரம் கழியோரம் நின்றாலும் போதும். கொண்டுபோன காகிதத்தையும் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். பட்சிகளைக் கல்லெறிந்து கிளப்பிப் படம் எடுக்கக் கூடாது. பார்த்த இடத்தைத்தான் மனிதன் காப்பாற்ற நினைப்பான்.

நாம் திருவிடந்தை வரையில் நடந்து, நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிற்பகல் பஸ்ஸில் திரும்பினோம். பையன்கள் மூவரும் தூங்கிவிட்டார்கள். மயிலாப்பூர்ப் பையன் மட்டும் ஜன்னல் வழியே மேற்கே பார்த்துக்கொண்டு வந்தான்.

"சார், பஞ்சத்திலே வெட்டினவர்களுடைய பெயரெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டான்.

அப்படி ஒரு பலகையையோ கல்லையோ நாம் கண்டதில்லை என்றோம்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதில் குப்பை கொட்ட வேண்டாம் என்று எங்கள் தெருவில் சொன்னால் கேட்பார்களா சார்?" என்றான்.

முதல் நாள் சிரிப்பார்கள் என்று சொன்னோம். "நம் வகுப்பு சிரித்ததுபோலவா?" என்றான். ஆமாம், அதுபோலத்தான் என்றோம்.